காசுக் கதவின் இடது விளக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதுகு வலி எப்படி இருக்கிறது? கூடுதல் போர்வை கேட்டாயே, கொடுத்தார்களா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஒன்றையும் விடாமல் பதில் எழுத வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து பதினோரு நாள் ஆகிறது. தீர்ப்பு நாளன்று காலை, கோர்ட்டுக்கு வருவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தவர். உனக்கு மூன்று வருடம் ஜெயில் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இடது கையும் காலும் போய்விட்டன. அது மட்டும் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். இடது பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லை. கண்ணில் கோளாறு கிடையாது, மூளைதான் அந்தப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை என்கிறார் டாக்டர். தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு இவ்வளவுதானா?" என்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுகிறார். வலது கன்னம் மட்டும் சவரம் செய்துகொள்கிறார். நான் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் தேடுகிறார்.

நீயும் அவரும் ஒன்றரை வருடம் ஹாலை மரத்தூளாக்கிச் செய்த வீடியோ விளையாட்டுப் பெட்டியை ஒரு பழைய திரைச்சீலையால் மூடி வைத்திருந்தேன். போன வாரம் அவரே அதை இழுத்துப் போட்டுவிட்டு, "வண்டி ஏன் நிக்குது?" என்றார். போட்டுக் கொடுத்தேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, காசு போடாமல் ஆட மாட்டாராம். பெட்டியின் முன்பக்கக் கதவில் காசு போட இரண்டு துவாரம் இருக்கிறது. வலது மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது. திரையில் இடது பக்கமிருந்து வருகிறவன் அடித்தால், "எவன்டா அது?" என்று வலது பக்கம் பார்த்து அதட்டுகிறார்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கதவுல லைட் வைக்க முடியுமா? இடது பக்கம் பளிச்சுனு ஒண்ணு இருந்தா அதைத் தேடிப் பார்க்கப் பழக்கலாம். முதல் சில மாசம்தான் முக்கியம்" என்றாள். நீ முடிக்காமல் விட்டுப்போனதும் அந்த விளக்கு வேலைதான். சிவப்புப் பிளாஸ்டிக் வில்லைகளும் திருகாணிகளும் டப்பாவில் அப்படியே இருக்கின்றன. நான் திரைச்சீலை தைக்கிறவள். பல்பு மாற்றவே எனக்குப் பயம். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்பும் ஐயாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். முதுகு பரவாயில்லை. போர்வை வந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. உன் கால் வீக்கம் வடிந்ததா? தையல் மெஷினில் உட்கார்ந்தே இருக்காதே.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை நம்பவே முடியவில்லை. பாதித் தட்டு! பஸ்ஸில் எழுபது பேர் நிற்கும்போது கடைசி சீட்டில் ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடித்தவர். என்னைப் பற்றிக் கேட்கிறாரா?

அந்தக் காசுக் கதவைப் பழைய சாமான் கடையில் கண்டுபிடித்ததே அப்பாதான். "கதவு எதுக்குப்பா, நம்ம வீட்டுப் பெட்டிதானே" என்றேன். "சும்மா ஏறி உக்கார விடக் கூடாதுடா" என்றார்.

விளக்கு வேலை சுலபம். நீ செய்யலாம். வேலை செய்யும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி உன் மடியில் வைத்துக்கொள். சுவிட்சை அணைத்தால் போதாது. மடியில் இருக்க வேண்டும். இரண்டாவது, கதவு முழுக்க இரும்பு. உட்புறத் திருகாணி ஒன்றிலிருந்து பச்சை வயர் எர்த்துக்குப் போக வேண்டும். விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் முதலில் இதைச் செய். பிறகு எல்.இ.டி. எப்படி இணைப்பது என்று அடுத்த தாளில் படம் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே செய். முதலில் மஞ்சள் வயரை எடுத்து

(முத்திரை: இரண்டாம் தாள் நிறுத்தி வைக்கப்பட்டது)

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கால் வீக்கம் அப்படியேதான். மெஷினில் உட்காராமல் திரைச்சீலை தானாகத் தைத்துக்கொள்ளுமா?

"மஞ்சள் வயரை எடுத்து" என்பதோடு உன் கடிதம் முடிந்துவிட்டது. மஞ்சள் வயரை எடுத்து என்ன செய்ய? மூன்று நாள் அதையே யோசித்தேன். பிறகு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன்.

"எத்தனை வோல்ட் வேணும்மா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கறதுலயே பெரிசா குடுங்க."

அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அரிசி மாதிரி நாலு விளக்கு கொடுத்தார். வீட்டுக்கு வந்து மஞ்சளை ஒரு காலிலும் கறுப்பை இன்னொரு காலிலும் சுற்றிவிட்டு, பிளக்கைப் போட்டேன். ஒரு கணம் பளீரென்று எரிந்தது. டப்பென்று ஒரு சத்தம், முடி கருகின நாற்றம், அவ்வளவுதான். சின்ன வயதில் உன்னைப் "பல்பு, பல்பு" என்று கூப்பிட்ட பாவத்துக்கு நானே பல்பு வாங்கினேன்.

அப்பா முகத்தைத் திருப்பாமல், "டயரா?" என்றார்.

"இல்லப்பா. வேற."

"பின்னாடி பாரு, பெரியவளே. பின்னாடிதான் போயிருக்கும்."

பயிற்சிக்காரப் பெண் ஒவ்வொரு முறையும், "லைட் என்னாச்சு அக்கா?" என்று கேட்கிறாள். நாள் போய்க்கொண்டிருக்கிறது. படம் வேண்டாம், வாயால் சொல்கிற மாதிரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கை எங்கேயும் சுட்டுக்கொள்ளவில்லையே? அதை ஏன் எழுதவில்லை?

படத்துக்காக என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். கடிதம் படிக்கும் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "என்னய்யா இது? பன்னெண்டு வோல்ட், நீலம், சாம்பல், பழுப்பு... என்ன சங்கேதம்?"

"ரெசிஸ்டர்மேல இருக்கற கோடுங்கய்யா. காசு போடற கதவுக்கு லைட்டு."

"காசு போடற கதவா? எந்த பேங்க்ல?"

விளையாட்டுப் பெட்டி என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "எழுதிக்கோ. படம் போடாதே" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். பெட்டிக்குள் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இரும்பு டப்பா இருக்கிறது. அதிலிருந்து வரும் வயர்க் கொத்துகளில் ஒன்று எதிலும் சொருகாமல் தொங்கும். அதில் மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, கறுப்பு இரண்டு. சிவப்பைத் தொடாதே, முனையில் டேப் சுற்றிவிடு. மஞ்சளில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும். விளக்கின் இரண்டு கால்களில் நீளமானது மஞ்சள் பக்கம், குட்டையானது கறுப்புப் பக்கம். மஞ்சளுக்கும் நீளக் காலுக்கும் நடுவே ரெசிஸ்டர் வர வேண்டும். கடையில் நீலம், சாம்பல், பழுப்பு என்று வரிசையாகக் கோடு போட்டது என்று கேள். வருகிற வேகத்தை அது தணிக்கும். அது இல்லாததால்தான் உன் விளக்கு பொசுங்கியது.

இரண்டு விளக்கையும் ஒரே நூலில் கோர்க்காதே. ஒரே கழியில் இரண்டு திரை மாட்டுவாயே, அப்படி. ஒன்று கிழிந்தாலும் மற்றது தொங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர்.

பச்சை வயர் கட்டினாயா? இரும்புக் கதவு அக்கா. யாரும் கை வைக்கிற இடம். தயவுசெய்து அதை முதலில் செய்.

அப்பா என்னைக் கேட்கிறாரா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன்.

தம்பி

*

ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? என் கை சுடவில்லை. கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

வலது விளக்கு எரிகிறது! முட்டாள்கள் தினத்தில் எழுதுகிறேன் என்று சந்தேகப்படாதே, நிஜமாகவே எரிகிறது. சிவப்பு வில்லைக்குப் பின்னால் பழுத்த மிளகாய் மாதிரி இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து, மடியில் பிளக்கை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுச் செய்தேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். பார்க்கத்தான் ஆளில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

ஆனால் வேண்டியது இடது விளக்குதான், அது படுத்துகிறது. கதவைத் திறந்து வைத்தால் எரிகிறது. மூடினால் அணைந்துவிடுகிறது. திறக்கிறேன், எரிகிறது. மூடுகிறேன், இல்லை. நாள் முழுக்க இதே வேலை. நான் பார்த்தால் எரிவேன், அப்பா பார்த்தால் எரிய மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

என்ன செய்ய, சீக்கிரம் எழுது. கடைக்காரர் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் பத்து நாள் ஆகிறது. தெரு முனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். நம் வீடு என்றதும் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பச்சை வயர் கட்டியாயிற்று.

அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அவன் வராதது பற்றி வருத்தப்படாதே. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

இடது விளக்கின் கோளாறு கீலில் இருக்கிறது. கதவின் கீல் இடது பக்கம். நீ வயரை அளவாக வெட்டிக் கட்டியிருப்பாய். மூடும்போது கீலுக்குள் அது மாட்டி இழுபடுகிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கும். மேலே உறை நன்றாக இருப்பதால் உனக்குத் தெரியாது. அந்த வயரை மாற்று. கீல் இருக்கும் இடத்தில் ஒரு சாண் கூடுதலாக விட்டு, வளைத்து, தொங்க விடு. துணிக்குச் சுருக்கம் விடுவது போல.

நான் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இங்கே என் அறை விளக்குக்குச் சுவிட்ச் கிடையாது. எங்கோ ஒருவர் போடுகிறார், எங்கோ ஒருவர் அணைக்கிறார். இருபது வருடம் வயர்மேனாக இருந்தவன் ஒரு சுவிட்சைத் தொட்டு நாலு மாதம் ஆகிறது. போன வாரம் ஆபீஸ் சுவரில் ஒன்றைப் பார்த்துவிட்டு என்னை அறியாமல் கை போய்விட்டது. "ஏய், கையை எடு" என்றார்கள். எடுத்துவிட்டேன்.

பச்சை வயரைத் திருகாணியில் கட்டும் முன் அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டினாயா? பெயின்ட்மேல் கட்டினால் கட்டாததுதான். கட்டியிருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா கேட்டாரா?

தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நல்ல செய்தியோடு தொடங்குகிறேன், நலம் விசாரிப்பது பிறகு.

எரிகிறது. மூடினாலும் எரிகிறது. ஒரு சாண் விடு என்பதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மீட்டர் ஜன்னலுக்கு இரண்டு மீட்டர் துணி வெட்டுகிறவள் நான். கம்பிக்கும் சுருக்கம் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரம் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பயிற்சிக்காரப் பெண் அவர் முகவாயை மெல்லத் திருப்பி, "அந்த லைட் எங்க இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்பாள். அவர் வலது விளக்கைக் காட்டுவார். "அது ஒண்ணு. இன்னொரு சிவப்பு?" ஒன்பதாவது நாள் அவரே திரும்பினார். கழுத்து நடுங்கிக்கொண்டு, ஏதோ பாறையைத் தள்ளுகிற மாதிரித் திரும்பினார். வலது கையை மார்பின் குறுக்கே கொண்டுபோய் இடது துவாரத்தில் காசைப் போட்டார். நான் சமையலறையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். இப்போது தட்டில் கால் பங்குதான் மிச்சம் வைக்கிறார். நேற்று, "இந்தப் பக்கமும் ஜன்னல் இருக்கே" என்றார்.

பெயின்டைச் சுரண்டினேன். எர்த்தைப் பற்றி மூன்று கடிதத்தில் எழுதிவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். இனி எழுத வேண்டாம்.

நீயும் ஒரு கேள்வியை மூன்று முறை கேட்டாய். நான் பதில் சொல்லாதது மறதியால் இல்லை. கேட்கவில்லை, தம்பி. விழுந்த நாளிலிருந்து ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வெளியூரில் வேலை என்று ஒரு பொய்யை முதல் நாளே தயார் செய்து வைத்தேன். அதை எடுக்கவே தேவை வரவில்லை. தட்டின் பாதியோடு நீயும் போய்விட்டாயோ என்று நினைத்துக்கொள்வேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் வருகிறார் அல்லவா, பார்ப்போம்.

உடம்பு எப்படி இருக்கிறது? எழுது.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மே மாதக் கடிதத்துக்கு உடனே பதில் போட்டேன். அதற்கும் பதில் இல்லை, அதற்குப் பின் எழுதியதற்கும் இல்லை. ஆறு வாரம் ஆகிறது.

இங்கே கடிதம் கொடுக்கும் நாள் செவ்வாய். பெயர் கூப்பிடும்போது வரிசையில் போய் நிற்பேன். இப்போது கண்ணாடி போட்ட அதிகாரியே என்னைப் பார்த்ததும், "இல்லைப்பா" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். போன செவ்வாய், "லைட்டு எரியுதா, வீட்ல?" என்று கேட்டார். எரியுதுங்கய்யா என்றேன்.

கோபமா? அப்பா நன்றாக இருக்கிறாரா? கால் வீக்கமா? ஒரு வரி போதும்.

தம்பி

*

ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

கோபமில்லை. எழுத உட்காருவேன், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன்.

மே இருபத்திரண்டாம் தேதி அப்பாவுக்கு மறுபடி வந்துவிட்டது. காலையில் பெட்டி முன்னால் ஆடிக்கொண்டே இருந்தார், அப்படியே சாய்ந்தார். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறார். படுக்கைதான். கட்டிலை ஹாலில், பெட்டிக்கு எதிரே போட்டிருக்கிறேன். ஆடுவதில்லை. வலது கைக்கும் பிடிப்புக் குறைந்துவிட்டது. பேச்சு ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. விளக்கை அணைத்தால் மட்டும் முனகுகிறார். அதனால் நாள் முழுக்க எரிய விடுகிறேன்.

டாக்டரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார், "வர வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா."

உன்னை ஒரு நாள் அனுப்பச் சொல்லி மனு போட்டேன். சான்றிதழில் தேதி சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். தேதியைத் திருத்தி மறுபடி கொடுத்தேன். உறவுச் சான்று வேண்டும் என்றார்கள். உனக்கும் அப்பாவுக்கும் என்ன உறவு என்று நான் எழுதி வாங்கி வர வேண்டுமாம். நாலு ஆபீஸ் ஏறினேன். நாலாவதில் ஒரு பெண், "இந்த ஜன்னல் இல்லைம்மா, பக்கத்து ஜன்னல்" என்றாள். பக்கத்து ஜன்னல் மூடியிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மறுபடியும் கொடுத்திருக்கிறேன்.

நீ சாப்பிடு. தூங்கு. வேறென்ன சொல்வேன்?

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று இந்த முறை எழுதவில்லை.

அப்பாவுக்கு முதுகுப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று இங்கே ஒருவர் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். உன்னால் தனியாகத் தூக்க முடியாது. போர்வையை அடியில் போட்டு, போர்வையை இழுத்துத் திருப்ப வேண்டுமாம். நான் இருந்தால் ஒரு பக்கம் பிடித்திருப்பேன்.

விளக்கு நாள் முழுக்க எரிந்தால் ஒன்றும் ஆகாது. எல்.இ.டி. வருடக் கணக்கில் எரியும். அதைப் பற்றிக் கவலைப்படாதே. என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிற ஒரே விஷயம் இதுதான்.

அனுமதி கிடைத்தால் காவலர்களோடுதான் அனுப்புவார்கள். கையில் விலங்கு இருக்கும். அதை யோசித்து வை. நான் எங்கே இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லாதே. இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போதும் வேண்டாம்.

தம்பி

*

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை வந்து போனவன் எழுதுகிறேன். நீ இளைத்துவிட்டாய். கடிதத்தில் அதை எழுதவே இல்லையே.

என்மேல் கோபமாக இருப்பாய். நாலு மனு போட்டு, ஆபீஸ் தரையில் உட்கார்ந்து நீ வாங்கிக் கொடுத்த ஒரு மணி நேரம். அதில் நான் வாயே திறக்கவில்லை.

வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அது அப்பாவுக்கு இடது பக்கம். நீ கட்டிலைத் திருப்ப எழுந்தாய். "எதையும் நகர்த்தாதீங்கம்மா" என்றார் பெரிய காவலர். விலங்கைக் கழற்றச் சொல்லிக் கேட்டாய். நீ யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பி, "ஏதாவது பேசேன்டா" என்று கண்ணாலேயே சொன்னாய்.

இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. நல்ல வேலை அக்கா, ஒரு வயர்கூட வெளியே தெரியவில்லை. அப்பாவின் பார்வை வலது விளக்கிலிருந்து கிளம்பி, ஊர்ந்து, இடது விளக்குவரை வந்தது. அங்கே நின்றது. அந்த விளக்குக்கும் எனக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருக்கும். பிறகு திரும்பிப் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடியும் அங்கேயே நின்றது.

சின்னக் காவலர் என் காதருகே குனிந்து, "கூப்பிடுய்யா. இதுக்குத்தானே வந்தே?" என்றார். நான் மாட்டேன் என்று தலையசைத்தேன்.

விலங்கு தெரியக் கூடாது என்பதற்காக என்று நீ நினைத்திருப்பாய். அது பாதிதான். தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னால், நீ பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாய், அப்பா என்னைக் கேட்டார். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எர்த் பார்த்தியாடா?" பார்த்தேன்பா என்றேன். அவர் எழுந்து போய்த் தெருவில் எல்லாரிடமும் சொன்னார், "என் பையன் பார்த்துட்டுதான் போட்டிருக்கான்."

நான் பார்க்கவில்லை. கான்ட்ராக்டர் வண்டியின் இன்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தார். எல்லாம் சோதித்தாயிற்று என்ற காகிதத்தை வண்டியின் முகப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாள் மறுநாள் காலை நான் இணைத்த மோட்டாரில் கை வைத்தார், ஷாக் அடித்து இறந்துபோனார். உன் வயது. நான் போனபோது அவருடைய செருப்பு அங்கேயே கிடந்தது. கோர்ட்டில் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்று அப்பா வரவில்லை. வீட்டில் சொன்னது சொன்னதாகவே இருக்கிறது.

அவர் பார்வை விளக்குக்கு வரும்போதெல்லாம், அங்கேயே நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நின்றுவிட்டால், இன்னும் இரண்டு முழம் வரக் கூடாதா என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் உண்மை.

என்னை மன்னித்துவிடு.

தம்பி

*

அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி? வேனில் ஏறும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாய், பார்த்தேன். வலி இல்லை என்று இனி எழுதாதே.

கோபம் இருந்தது. உன் கடிதம் வரும்வரை இருந்தது.

நீ பார்க்கவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். பொய் சொன்னால் உடனே தண்ணீர் குடிப்பாய், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அன்று இரண்டு டம்ளர் குடித்தாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அப்பாவுக்கும் தெரிந்திருக்குமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தே தெருவில் போய்ச் சொல்லியிருந்தால்? அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். யோசித்து என்ன ஆகப்போகிறது?

நாலு நாளாகப் பேச்சு முற்றிலும் இல்லை. ஊட்டினால் கொஞ்சம் இறங்குகிறது. பயிற்சிக்காரப் பெண் இனி வர மாட்டாள், வந்து பயனில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டுப் போனாள். போர்வையை இழுத்துத் திருப்புவது நன்றாக வருகிறது. உனக்குச் சொன்னவருக்கு என் நன்றியைச் சொல்.

நீ போன அன்று நடந்தது ஒன்று இருக்கிறது. அதை எழுதுவதா வேண்டாமா என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

வேன் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அப்பா விழித்திருந்தார். அன்று பேச்சு இருந்த நாள்.

"பெரியவளே," என்றார். "ஒருத்தன் உக்காந்திருந்தானே. டிக்கெட் எடுக்கல. இறங்கிட்டானா?"

கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். "எந்தப் பக்கம்பா உக்காந்திருந்தான்?"

வலது கையைக் கொஞ்சமாகத் தூக்கி வலது பக்கம் காட்டினார். அங்கே வெறும் சுவர்தான் இருக்கிறது. பயிற்சிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். சிலருக்கு இடது பக்கம் இருப்பது வலது பக்கம் இருப்பதாகத் தோன்றும் என்றாள். சிலருக்குச் சும்மாவும் யாராவது தெரிவார்கள் என்றாள். இதில் எது என்று அவளுக்கும் தெரியாதாம். எனக்கும் தெரியாது. உன்னைப் பார்த்தார் என்று நான் எழுதவில்லை, அப்படிப் படித்துவிடாதே.

நான் அவரிடம், "இல்லப்பா. இன்னும் இறங்கல. அவன் ரொம்ப தூரம் போகணும்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"எழுப்பாத," என்றார். "அவன் ஸ்டாப் வந்தா நானே குரல் குடுக்கறேன்."

அக்கா